மைக் மூடியிருக்கிறதென்று நினைத்தேன்

போன ஞாயிறு பின்னேரம் பாரிஸின் லா ஷப்பலில், ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், என்னுடைய குரல் என்னைக் கேட்காமலேயே பேசத் தொடங்கியது.

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஸ்பீக்கருக்குள் நான் பேசிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அல்ல... திரும்பத் திரும்ப.

இது எப்படி நடந்தது? அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் பாதிதான் விளங்குகிறது. அந்தப் பாதியைச் சொல்கிறேன்.

யோகன் என் நண்பன். மனைவி ரஞ்சினியோடு சேர்ந்து கலியாண வீடுகளிலும் சின்ன மண்டபங்களிலும் பாடுகிறவன். மைக், மிக்ஸர், வயர், ஸ்பீக்கர் எல்லாமும் அவன் பொறுப்புத்தான். ரஞ்சினி பாட்டோடு சரி. எந்த வயர் எங்கே போகிறதென்று அவர் கேட்டதுமில்லை, அவன் சொன்னதுமில்லை.

போன மாரியில் யோகனுக்குப் பாரிசவாதம் வந்தது. பாரிஸ்காரனுக்குப் பாரிசவாதம் – பேச முடிந்திருந்தால் அவனே முதலில் சொல்லியிருக்கக்கூடிய பகிடி. வலது காலும் கையும் மெல்ல மெல்ல அசையத் தொடங்கின. பேச்சு மட்டும் வரவில்லை. நாங்கள் சொல்வது எல்லாம் அவனுக்கு விளங்கும். பதில் சொல்லத்தான் சொல் இல்லை. வாயைத் திறந்தால் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஒலி. ஆனால் அந்த ‘ம்ம்ம்’ சுருதி பிசகாமல் வரும்.

அந்த ஒற்றை ஒலியை வைத்துத்தான் ரஞ்சினி ஒரு கச்சேரிக்குத் திட்டம் போட்டார்.

வருத்தம் வருவதற்கு முன் யோகன் ஒரு லூப் பெடல் வாங்கி வைத்திருந்தான். காலால் மிதித்தால் பாடுவதைப் பதியும். மறுபடி மிதித்தால் பதிந்ததை விடாமல் திருப்பித் திருப்பிப் பாடும். அதற்கு மேல் இன்னொரு குரலைப் பதியலாம். அதற்கு மேல் இன்னொன்று. இரண்டு பேர் ஒரு பாட்டுக் கூட்டமாகிவிடலாம்.

“அவர் ஒரு மூச்சு பாடினாக் காணும் அண்ணை,” என்றார் ரஞ்சினி. “மிச்சத்தைப் பெடல் பிடிச்சு வைச்சிருக்கும். அதுக்கு மேல நான் பாடுறன்.”

“யோகன் ஓம் எண்டவனோ?”

“தலையாட்டினவர். ஆசுப்பத்திரிக்குப் போறதைத் தவிர வெளியிலையே வராத மனிசன். இது மட்டும் பிழைச்சுதோ, இனி நான் எந்தக் காலத்திலும் அவரை வெளியில கூட்டிக்கொண்டு வரேலாது.”

“மிக்ஸருக்கு ஆர் இருக்கிறது?”

“நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமையில சும்மாதானே இருக்கிறியள்?”

என்னுடைய முழுத் தகுதியும் அதுதான்.

ஒத்திகை பாரிஸுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில், அவர்கள் வீட்டு வரவேற்பறையில். என் முன்னால் மிக்ஸர். குமிழ்களாக நிறைந்த ஒரு பலகை, உள்ளே வருகிற ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு சனல். முதலாம் சனலில் ரஞ்சினியின் மைக். இரண்டாவதில் யோகனின் மைக். உள்ளே போகிற குரல் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒரு வழி நேரே ஸ்பீக்கருக்கு. மற்ற வழி பெடலுக்கு. பெடலுக்கு எவ்வளவு போகவேண்டும் என்பதை ‘ஒக்ஸ்’ என்று எழுதிய குமிழ் தீர்மானிக்கும். பெடல் பதிந்து திருப்பி அனுப்புவது மூன்றாம் சனலில் வந்து இறங்கும்.

மூன்று சனல். மூன்று ஒக்ஸ் குமிழ். ஆளுக்கொரு நியாயம் கூடாது என்று நினைக்கிறவன் நான். மூன்றையும் ஒரே அளவுக்குத் திருப்பிவிட்டேன்.

யோகன் ‘ம்ம்ம்’ என்றான். ரஞ்சினி பெடலை மிதித்தார். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்த ‘ம்ம்ம்’ தடித்தது. பெருத்தது. ஊளையிட்டது. பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது.

யோகன் இடது கையால் மூன்றாம் சனலின் குமிழைக் காட்டினான். கூட்டச் சொல்கிறான் என்று நினைத்து நான் கூட்டினேன். ஊளை இன்னும் ஏறியது. அவன் தலையைப் பலமாக ஆட்டினான். போதாது என்கிறானா? இன்னும் கொஞ்சம்...

யோகன் வயரைப் பிடுங்கிவிட்டான்.

அறை அமைதியானது. அவன் சோபாவில் போய் இருந்து, இடது முஷ்டியால் தன் தொடையிலேயே குத்தினான். கண் கலங்கியிருந்தது. நான் எங்கே பார்ப்பது? தெரிந்தவனுக்குச் சொல்ல வழியில்லை. சொல்ல வாயுள்ளவனுக்கு எதுவும் தெரியவில்லை. இந்த இரண்டு பேரையும் நம்பி ஒரு பெண் மண்டபம் எடுத்திருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் யோகன் எழும்பி வந்தான். ஏடு தொடக்கும்போது பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல என் கையைப் பிடித்து, மூன்றாம் சனலின் ஒக்ஸை அடிமட்டத்துக்குத் திருப்பினான். வயரைத் திரும்பச் செருகினோம், ஊளை வரவில்லை. பெடலில் இருந்து வந்ததை நான் திரும்பப் பெடலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. அது தன் வாலைத் தானே தின்று பெருத்திருக்கிறது.

சரி, மிக்ஸர் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அதுதான் பிழை.

ஞாயிறன்று கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெரு வழியாக நடந்தோம். மிக்ஸர் என் தோளில். யோகன் கைத்தடியோடு. கடை வாசல்களில் நின்றவர்கள் கூப்பிட்டார்கள்.

“என்ன யோகன் அண்ணை, கன நாளாக் காணேல்லை?”

யோகன் தலையை நிமிர்த்தவில்லை. எல்லோருக்கும் ரஞ்சினிதான் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். “ஓம், இப்ப சுகம்... ஓம், பின்னேரம் வாங்கோ...” ஒரு பலசரக்குக் கடையடியில் அவன் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். திரும்பிப் போய்விடுவானோ என்று பயந்தேன். போகவில்லை.

மண்டபம் ரூ பிலிப்-து-ஜிராரில். அதைப் பார்த்துக்கொள்பவர் பாண்டிச்சேரிக்காரர்.

“முசியே, பிரீஸ் ரெண்டு இருக்கு,” என்று சுவரில் இருந்த மின் செருகுவாய்களைக் காட்டினார். “அதுல ஒண்ணுதான் வேலை செய்யும். எதுன்னு நீங்களே பார்த்துக்குங்க.”

நல்ல தொடக்கம்.

மேடையின் ஓரத்தில் ஒரு மேசை. மேசையில் மிக்ஸர். அதன் பின்னால் நானும் யோகனும். எங்கள் இருவருக்கும் நடுவில் அவனுடைய மைக். முன்னால் ரஞ்சினி, காலடியில் பெடல்.

யோகன் கண்ணை மூடி ‘ம்ம்ம்’ என்றான். ரஞ்சினி மிதித்தார். அந்த ஒரு மூச்சு மண்டபம் முழுக்க நிறைந்து நின்றது. ஊளை இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

அடுத்து ரஞ்சினியின் முறை. யோகன் இருமினாலும் பதிந்துவிடும் என்பதால், அவனுடைய மைக்கை நான் மூடவேண்டும். இரண்டாம் சனலில் மேலும் கீழும் இழுக்கிற கட்டையை அடிவரை இழுத்தேன். அதைத்தான் ஃபேடர் என்கிறார்கள். முடிந்தது வேலை.

ஆனால் இரண்டாம் சனலில் இருந்த குட்டிப் பச்சை லைட் அணையவில்லை. யோகன் மூச்சு விட்டாலும் கண் சிமிட்டியது. மூடின மைக்குக்கு எதற்கு லைட்? ரஞ்சினி பெடலை மிதித்து, பாடுவதற்கு மூச்சை இழுத்த நேரம், நான் யோகனின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

“ஒண்டும் விளங்கேல்லை மச்சான்.”

ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை. ரஞ்சினி பாடினார். மறுபடி மிதித்தார். லூப் சுற்றிக்கொண்டு தொடக்கத்துக்கு வந்தது... யோகனின் ‘ம்ம்ம்’ வந்தது, ரஞ்சினியின் குரல் வந்தது, அதற்கு மேலே சாவகாசமாக என் குரல்:

“ஒண்டும் விளங்கேல்லை மச்சான்.”

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த ஃபேடர் ஸ்பீக்கருக்குப் போகிற வழியை மட்டும்தான் மூடும். பெடலுக்குப் போகிற ஒக்ஸ் வழி அதற்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறதாம். அந்தக் குமிழை நான் திறந்தபடியே விட்டிருந்தேன். வெளியில் கேட்கவில்லை என்றால் எங்கேயும் பதியவில்லை என்று நினைப்பது... மிக்ஸரில் மட்டுமா செய்கிறோம்?

அப்போது இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மண்டபத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். பிறகு எல்லோரும். லூப் சுற்றிக்கொண்டே இருந்தது. “ஒண்டும் விளங்கேல்லை மச்சான்... ஒண்டும் விளங்கேல்லை மச்சான்...”

ரஞ்சினி திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன். கடைசியாகப் பதிந்ததை அழிக்கவேண்டுமென்றால் பெடலை அழுத்திப் பிடித்தால் போதும். அவருடைய கால் அதற்காகத்தான் உயர்ந்தது.

உயர்ந்த கால் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்தார்.

யோகன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. லூப் ஒரு சுற்றுச் சுற்றியது. அவனுடைய இடது கை மேசையில் தாளம் போட்டது. அடுத்த சுற்றில் ‘ளங்’ என்று ஏதோ வந்தது. அதற்கடுத்ததில், சரியாக அந்த இடத்தில்,

“விளங்கேல்லை.”

பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது. அவனுடைய ஃபேடர்தான் கீழே கிடக்கிறதே. என்ன நினைத்து அதை மேலே தள்ளினேன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நான் சரியாகச் செய்தது அந்த ஒன்றுதான்.

“விளங்கேல்லை,” என்றான் யோகன், மண்டபம் முழுக்கக் கேட்க.

அவனைத் தெரிந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். தெரியாதவர்கள் தாளத்துக்குக் கை தட்டினார்கள். ரஞ்சினி மெல்லக் காலைத் தரையில் வைத்தார், பெடலில் அல்ல. பாடவேண்டிய பாட்டை விட்டுவிட்டு, அவன் ‘விளங்கேல்லை’ என்று முடிக்கிற இடத்திலிருந்து ஒரு இராகத்தை எடுத்து இழுத்தார். அவன் சொன்னான். அவர் பாடினார். அவன் சொன்னான். அவருடைய குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. நான் எந்தக் குமிழையும் தொடவில்லை.

முடிந்ததும் ஒரு பெண் என்னிடம் வந்தார்.

“அண்ணை, கடைசியாப் பாடின பாட்டு ஆர் எழுதினது?”

நான் குனிந்து வயர்களைச் சுற்றத் தொடங்கினேன்.

அடுத்த நாள் ரஞ்சினி எனக்குப் போன் எடுத்தார். “சாப்பிடுவமோ எண்டு கேட்டன். விளங்கேல்லை எண்டுறார். குளிருதோ எண்டு கேட்டன். அதுக்கும் விளங்கேல்லைதான். அந்த ஒரு சொல்லை வைச்சுக்கொண்டு என்னைப் பைத்தியமாக்கிறார் அண்ணை.” சிரிக்கிறாரா அழுகிறாரா என்று போனில் பிடிபடவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஓர்த்தோஃபோனிஸ்டிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். சிலருக்குத் தாளத்தோடு வருகிற சொல் முதலில் வரும், இன்னும் வரலாம், வராமலும் போகலாம், அவசரப்படாதீர்கள் என்றாராம் அந்தப் பெண். பழகின சின்னச் சொற்களாக முயற்சி செய்யச் சொன்னாராம்.

“என்ரை பேரிலை தொடங்குவம்,” என்றார் ரஞ்சினி. “நீங்கள் வந்து பதிஞ்சு தாங்கோ.”

“உங்கடை பேரை நீங்களே சொல்லிப் பதியலாமே?”

“என்னை நானே கூப்பிட்டா அது என்ன கூப்பிடுறது? ஆம்பிளைக் குரல் வேணும்.”

வியாழன் பின்னேரம் ஓல்னே-சூ-புவாவுக்குப் போனேன். ரஞ்சினி அடுப்படியில். நான் மைக்கின் முன்னால் இருந்து, நண்பனுடைய மனைவியின் பெயரை, நண்பனையே பார்த்துக்கொண்டு, இராகம் போட்டுக் கூப்பிட்டேன். “ரஞ்சினி... ரஞ்சினி...” இதற்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது? பெடல் அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் கூப்பிட்டது. நான் யோகனை ‘நீயும் சொல்லு’ என்பதுபோலப் பார்த்தேன்.

யோகன் சொல்லவில்லை. வரவர அவனுடைய முகம் சுருங்கியது. தலையை ஆட்டினான். பிறகு எழும்பி வந்து மிக்ஸரை நிறுத்திவிட்டான். அவ்வளவுதான், கோபம் வந்துவிட்டது, இனி இந்தப் பக்கம் நான் தலை வைக்கமுடியாது என்று நினைத்தேன்.

அவன் அடுப்படிப் பக்கம் திரும்பினான். மைக் இல்லை. தாளம் இல்லை.

“ரஞ்சி.”

“ஓம், வாறன்,” என்றார் ரஞ்சினி, உள்ளேயிருந்து, வழக்கம்போல.

பிறகுதான் அடுப்படியில் ஏதோ கை நழுவி விழுந்த சத்தம் கேட்டது.