'இருக்கிறம்' என்பதற்குக் கட்டம் இல்லை

மனதை அளக்கக் கேள்வித்தாள் செய்வது லேசான வேலை என்று நினைப்பவர், ஒரே ஒரு கேள்வியையாவது இன்னொரு மொழிக்கு மாற்றிப் பார்த்திருக்க மாட்டார். மாற்றிப் பார்த்த பாவிகளே, இது உங்களுக்காக.

நான் சூரிச்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரக் கணக்குப் பார்க்கும் உதவியாளராகச் சேர்ந்தது 2012இல். ஜெர்மன் மொழியில் இருந்த மனச்சோர்வுக் கேள்வித்தாளைச் சீனத்துக்கு மாற்ற வேண்டும். அது சீனர்களிடமும் ஒழுங்காக அளக்கிறதா என்று சோதிக்க வேண்டும். முடிவில் தேவை தெரிந்தால், சீன மாணவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே ஆலோசகர் ஒருவரை வைப்பார்கள். தெரியாவிட்டால் இல்லை.

அடி வாங்காதவன்

முதல் மொழிபெயர்ப்பை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். மனம் சோர்ந்திருப்பதற்கு ஜெர்மனில் ஒரு சொல் உண்டு. பிரித்துப் பார்த்தால் 'அடித்து வீழ்த்தப்பட்ட' என்று வரும். நிறுவனம் பிரித்தே பார்த்துவிட்டது. 'கடந்த இரண்டு வாரங்களில் அடித்து வீழ்த்தப்பட்டீர்களா?' என்று சீனத்தில் கேட்டு வைத்தோம்.

வெய் என்ற மாணவன் எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பினான். அந்தக் கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை'. அப்படியானால் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"என்னை யாரும் அடிக்கவில்லை. அடிக்கிற அளவுக்கு இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது."

நடுவில் நிற்பவர்கள்

அதற்குப் பிறகுதான் சூ யிங்கை எடுத்தார்கள். சீனாவின் செங்டுவில் உளவியல் படித்துவிட்டு இங்கே ஆய்வு செய்ய வந்தவள். அவள் வந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினாள். ஆனாலும் மாணவர்கள் பதிலுக்கான நான்கு கட்டங்களையும் விட்டுவிட்டு ஓரத்தில் இரண்டு எழுத்து எழுதிக் கொடுத்தார்கள். 'ஹாய் ஹாவ்' என்று வாசித்துக் காட்டினாள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, மேலே கேட்காதே என்று பொருளாம். அதற்கு ஒரு கட்டம் வேண்டும் என்றாள். ஜெர்மன் மூலத்தில் இல்லை என்று ஆய்வை நடத்திய பேராசிரியர் மறுத்துவிட்டார்.

எனக்கு அவள் விளக்கவே தேவையிருக்கவில்லை. அன்று பின்னேரம் லாங்ஸ்ட்ராஸ தெருவில் இருக்கும் தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனேன். கடைக்கார அண்ணையிடம் சுகமோ என்றேன். "இருக்கிறம், தங்கச்சி" என்றார். நல்லம், கூடாது என்று இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்லுவீர்கள் என்று கேட்டேன். முருங்கைக்காயை நிறுத்தபடியே சொன்னார்.

"நல்லம் எண்டால் கண்ணூறு படும். கூடாது எண்டால் ஏனெண்டு கேப்பினம். உதுக்குத்தானே இருக்கிறம் எண்டு சொல்லுறது?"

இரண்டு தாள், ஒரு பேனா

மாணவர்கள் மட்டும் போதாது, வேலை செய்கிற பெரியவர்களும் வேண்டும் என்றார்கள். நொஷாட்டல் நகரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சீனப் பொறியியலாளர் ஒருவர் மனைவியோடு வந்தார். தன் தாளை நிரப்பினார். பிறகு மனைவியின் தாளையும் இழுத்து நிரப்பத் தொடங்கினார். அவரவர் மனதை அவரவர்தான் எழுத வேண்டும் என்று சூ யிங் சொல்லிப் பார்த்தாள். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மனைவி கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தபடி இருந்தார்.

"அவளுக்கும் இதே பதில்தான். எங்கள் வீட்டில் பிரச்சினை கிடையாது."

நெஞ்சை அடைக்கிற கேள்வி

சூ யிங் தானாக ஒரு கேள்வி சேர்த்திருந்தாள். 'நெஞ்சுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு இருக்கிறதா?' சோர்வு, கவலை என்று கேட்டால் இல்லை என்பவர்கள் எல்லோரும் இதற்கு ஓம் என்று குறியிட்டார்கள். வெய்யும்தான். தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு அவள் சந்தோஷப்பட்டாள். ஆலோசகர் கட்டாயம் வருவார் என்றாள்.

எங்கள் தொழிலின் விதி வேறு. எல்லோரும் ஒரே பக்கம் குறியிட்டால், அந்தக் கேள்வி ஆட்களைப் பிரித்துக் காட்டாது. மற்றக் கேள்விகளோடும் அது சேரவில்லை. கணக்கைப் போட்டது நான்தான், கணக்கு பிழையில்லை. இந்தக் கேள்வியை நீக்கினால் எல்லோரும் நன்றாக இருப்பதாகத்தான் வரும் என்று பேராசிரியரிடம் இரண்டு பேரும் மன்றாடினோம். அவர் நல்ல மனிதர். எங்கள் இருவருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு அந்த வரியை வெட்டினார்.

"அருமையான கேள்வி. ஆனால் ஜெர்மன் மூலத்தில் நெஞ்சே இல்லையே."

தேறியது

அந்த வரி போனதும் எண்கள் அழகாக வந்தன. கேள்வித்தாள் செல்லும் என்று நிரூபணமாயிற்று. சீன மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க மனச்சோர்வு இல்லை என்று அறிக்கை போனது. ஆலோசகர் தேவையில்லை என்று பதில் வந்தது. சூ யிங் அதை வாசித்துவிட்டு மேலங்கியை மாட்டிக்கொண்டு போனாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? விதிப்படி எல்லாம் சரி.

அடுத்த வாரம் வெய் வந்து கதவைத் தட்டினான். முன்பைவிட மெலிந்திருந்தான். சீன மொழி ஆலோசகர் எப்போது வருவார் என்று கேட்டான். வரமாட்டார் என்றேன், ஏன் என்பதையும் சொன்னேன். கதவைப் பிடித்தபடியே கேட்டான்.

"அப்படியானால் நான் நன்றாக இருக்கிறேனா?"

கேள்வித்தாள் இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. என்னிடம் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நானும் ஹாய் ஹாவ் என்று சொல்லிவிட்டு டிராமைப் பிடிக்கப் போய்விடுகிறேன்.