சுரபாயாவும் அம்மாவின் விசாவும்

தொண்ணூறுகளின் நடுவில் அம்மா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் தனியாக இருந்தார். அப்பா வெளிநாட்டில், மல்வேர்னில் என்னோடு இருந்தார். அப்பாவை அகதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இனி வதிவிட விண்ணப்பம் சரிவந்தால், அதே படிவத்தில் பெயர் உள்ள அம்மாவும் வந்துவிடலாம்.

அப்பா படிவத்தைத் தானே நிரப்பினார். மலாயாவில் கிளாக்காக எழுத்து வேலை பார்த்தவர். எழுத்து அச்சடித்தது போல இருக்கும். ஏதாவது இராணுவத்திலோ ஆயுதக் குழுவிலோ இருந்தீர்களா, சண்டையில் பங்குபற்றினீர்களா என்ற கேள்விக்கு ‘யெஸ்’ என்று போட்டு, ஒரு முழுத் தாளில் விளக்கமும் எழுதி வைத்திருந்தார்.

அனுப்புவதற்கு முன் நகரத்தின் மறுகோடியில், பார்க்டேலில் ஒருவரிடம் காட்டினோம். எங்கள் சனத்தில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர் அவர். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

“ஐயா, உந்தப் பக்கத்திலை எல்லாத்துக்கும் நோ போடுறதுதான் வழக்கம். உது எங்கடை இயக்கப் பெடியளைப் பிடிக்கிறதுக்கு வச்ச கேள்வி. அம்பது வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரன்ரை சண்டையை ஆர் கேட்டது?”

“கேள்வியிலை வருசம் ஒண்டும் போடேல்லையே, தம்பி.”

“நீங்கள் ஒரு வெடியாவது வச்சனீங்களோ?”

“இல்லை. வெடி எடுத்துக் குடுத்தனான்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன்.

அப்பா சொன்னது இதுதான். யப்பான் சரணடைந்த பிறகு பிரிட்டிஷ் படை யாவாத் தீவுக்குப் போனது. அதன் ஸ்ரோரில் கணக்கெழுத அப்பாவையும் மலாயாவிலிருந்து கப்பலில் கொண்டுபோனார்கள். ஒல்லாந்தர் திரும்பவும் ஆள வரக்கூடாது என்று சுரபாயா நகரத்து இளைஞர்கள் குழுக் குழுவாக ஆயுதம் எடுத்திருந்தார்கள். நாளைக் காலைக்குள் எல்லா ஆயுதத்தையும் ஒப்படையுங்கள் என்று படை துண்டுப்பிரசுரம் போட்டது. ஒருவரும் ஒப்படைக்கவில்லை. கப்பலிலிருந்தும் விமானத்திலிருந்தும் நகரத்தின் மேல் அடித்தார்கள். துறைமுகக் கிட்டங்கியில் நின்று லொறி லொறியாகக் குண்டுப் பெட்டிகளுக்குக் கையெழுத்து வைத்தவர் அப்பா.

புதிதாக ஒரு படிவத்தில் நோ போட்டுத் தந்தார் பார்க்டேல்காரர். அப்பா அதில் கையெழுத்து வைக்கவில்லை. வாசலில் அந்த மனிதர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், “தங்கச்சி, உவர் தன்ரை பைலைத் தானே பூட்டுறார். நீதான் சொல்லவேணும்.” திரும்பி வர ஸ்ரீட்கார், ரெயின், பஸ் என்று ஒன்றே முக்கால் மணித்தியாலம். நான் சொல்லவில்லை. அப்பா தன் படிவத்தையே அனுப்பினார்.

ஏழு மாதம் ஒரு சத்தமும் இல்லை. அம்மாவை லொட்ஜ்காரர் இரண்டு தரம் அறை மாற்றினார். ஒருமுறை பொலிஸ் வந்து, தமிழர் கொழும்பில் தங்குவதற்கான பதிவுத் துண்டைக் கேட்டு, அம்மாவை ஒரு பகல் முழுக்க நிலையத்தில் இருத்தி வைத்தது. அதைக் கேட்ட பிறகுகூட அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாரே தவிர, எழுதியதை மாற்றச் சம்மதிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. பிஸ்கற் பக்ரறியில் பெட்டி ஒட்டும்போதெல்லாம் அப்பாவோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

பிறகு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று அப்பா ஆங்கிலத்திலேயே பேசினார். துவக்குத் தூக்கினீர்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றார் அப்பா. யாரையாவது சுட்டீர்களா? இல்லை. அந்தப் பெண் பேனையை எடுத்து, அப்படியானால் நீங்கள் சண்டையில் பங்குபற்றவில்லை, இதை நோ என்று மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். முகத்தில் ஒரு இரக்கம் இருந்தது. அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும்.

யெஸ், பிளீஸ். இரண்டு சொல். என் நுனி நாக்குவரை வந்துவிட்டது.

அதற்குள் அப்பா தொடங்கிவிட்டார். அடி ஓய்ந்த பிறகு லொறியில் நகரத்துக்குள் போனாராம். சந்தியில் மூங்கில்களைச் சீவிக் கூராக்கி, வேலிக் கதியால் போல அடுக்கி வைத்திருந்ததாம். அதுதான் அந்தப் பெடியளின் ஆயுதம். “நான் குடுத்த பெட்டியள் அந்தப் பெடியளின்ரை தலையிலைதான் விழுந்தது” என்பதை ஆங்கிலத்தில் சொன்னார். அப்படியே எழுதுங்கள் என்றார். அந்தப் பெண் எழுதினார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. பிரிட்டிஷ் படையின் சேவைப் பத்திரம் வேண்டுமாம். அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. அதுவோ யாழ்ப்பாணத்து வீட்டு அலுமாரியோடு எரிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ரெலிபோன் எடுத்தபோது, “என்னவாம்?” என்று கேட்டார். அப்பா ரிசீவரை வாங்கித் தானே எல்லாவற்றையும் சொன்னார். பிறகு நெடுநேரம் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் திருப்பித் தந்தார்.

“உவர் கலியாணம் கட்டின நாளிலையிருந்து உப்பிடித்தான்,” என்றார் அம்மா. “உனக்கு நாப்பத்தாறு வயசு. நீ ஏன் பிள்ளை ஃபோமை உவரிட்டைக் குடுத்தனீ?”

அதோடு லைனில் காசு முடிந்துவிட்டது.