ரோட்டிலிருந்து எட்டும் தூரம்

கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், வீட்டில் இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் பூவிழி. முதலில் கமருன்னிஸாவை. பதில் இல்லை. பிறகு அவர் கணவர் ஜெக்கரியாவை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கமருன்னிஸா கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, பேட்டரி பின்கட்டில்தானே இருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்கிறார்.

"பேட்டரி எங்கயும் ஓடிறாதும்மா. நீங்க எறங்கி வாங்க. ஒங்களப் பார்த்துட்டு அதப் பார்க்குறேன்."

கமருன்னிஸா முழங்காலைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறார். அவருடைய முழங்கால், ஜெக்கரியாவின் இருமல், பக்கத்து மனையில் கட்டும் வீட்டுத் தூசி எல்லாவற்றையும் விசாரித்து முடித்த பிறகே வண்டி சீட்டுக்கு அடியிலிருந்து பூவிழியின் கைப்பேசி வெளியே வருகிறது.

பூவிழிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வலங்கைமான் பக்கத்து ஊர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு சோலார் கடையில் சர்வீஸ் வேலை பார்க்கிறார். சுடிதாருக்கு மேல் முழுக்கைச் சட்டை, கழுத்தில் மடித்துச் சுற்றிய துண்டு. பேட்டரி முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொருக்கைத் தேய்க்க ஒரு பழைய பல் விளக்கும் பிரஷ் வைத்திருக்கிறார். தேய்த்து முடித்ததும் கொஞ்சம் வேசலினைத் தடவிவிடுவார். குழந்தைக்குச் சளி மருந்து தடவுவது போலத்தான் இருக்கும். பேட்டரிகளைப் பற்றிப் பேசும்போதும் அந்தத் தோரணைதான். "இன்னிக்கு நல்லா சாப்புட்டுருக்கு." "மூணு நாளா வெயில் இல்ல, பாவம், வயிறு காஞ்சு கெடக்கு." "இவன் பழைய ஆளு, போட்டாலும் செரிக்காது." மேகமூட்டமான நாளில் அவருக்கே பசிப்பது போல முகம் சுருங்கிவிடும்.

பேனலிலிருந்து வரும் மின்சாரத்தை அளந்து பேட்டரிக்குள் அனுப்பும் பெட்டிக்கு சார்ஜ் கன்ட்ரோலர் என்று பெயர். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இப்போது வருபவற்றில் புளூடூத் இருக்கிறது. பக்கத்தில் நின்று கைப்பேசியைத் திறந்தால் போதும். பேட்டரியில் எத்தனை வோல்ட், பேனல் என்ன தருகிறது, விளக்கும் விசிறியும் எவ்வளவு இழுக்கின்றன, நேற்று எப்படி, போன வாரம் எப்படி என்று எல்லாம் திரையில் வந்துவிடும். பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே படிக்கலாம். விளக்கையும் விசிறியையும் அங்கிருந்தே நிறுத்தலாம், போடலாம். கடையில் இருக்கும் மற்றவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். தெருவில் வண்டி உறுமிக்கொண்டிருக்கும்போதே படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பூவிழி மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவதாகக் கடை முதலாளிக்குக் குறை. வாடிக்கையாளர்களிலும் சிலர், இந்தப் பொண்ணு வந்தால் வேலை முடிய நேரமாகும் என்கிறார்கள். என் வீட்டு மாடியிலும் பேனல் வைத்தவர் அவர்தான். வந்தால் என்னிடமும் அரை டம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடிப்பார். பழக்கம் வளர்ந்து என்னை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் அவராகவே சொன்னார்.

"நானும் அப்ப ரோட்டுல நின்னு படிக்கிற ஆளுதாங்க்கா."

பூவிழிக்கு ஒரு சித்தப்பா. பெயர் கண்ணுசாமி. மற்றவர்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர், கடைசியில் குடமுருட்டி ஆற்றங்கரையோரம் சொந்தமாக அரை ஏக்கர் வாங்கினார். மனைவி இறந்த பிறகு ஊருக்குள் இருந்த வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வயலோரத்தில் சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகை ஒன்று கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். ஊருக்குள் வந்து இருக்கச் சொல்லி பூவிழியின் அப்பா எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார். அண்ணன் வீட்டுச் சோற்றை வாங்கிக்கொள்வாரே தவிர அங்கே தங்க மாட்டார். கொட்டகைக்கு கரண்டு லைன் வரவில்லை. பூவிழி ஒரு பேனல், ஒரு பேட்டரி, இரண்டு விளக்கு, ஒரு விசிறி வைத்துக் கொடுத்தார். யாருடைய துணையும் இல்லாமல் அவர் தனியாகப் பொருத்திய முதல் சோலார் அதுதான். விளக்கு எரிந்த அன்று சித்தப்பா வரப்பில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு சுவிட்சைப் போட்டுப் போட்டுக் காட்டினாராம்.

கன்ட்ரோலரை ரோட்டுப் பக்கச் சுவரில் மாட்டியதும் பூவிழிதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழி அது. ரோட்டில் நின்றாலே புளூடூத் எட்டும். கதவு மறுபக்கம், வயலைப் பார்த்து இருந்தது. உள்ளே போக வேண்டுமானால் வண்டியை விட்டு இறங்கி, வாய்க்கால் பலகையைத் தாண்டி, சேற்றில் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

"போனா லேசுல விட மாட்டாருக்கா. அடுப்பப் பத்த வச்சு வரக்காப்பி போடுவாரு. யாரு மடைய அடைச்சான், யாரு தொறந்தான்னு ஆரம்பிப்பாரு. பாவக்கா காய்ச்சிருக்கு பாருன்னு கொடிக்கிட்ட கூட்டிட்டுப் போவாரு. இருட்டிரும். அதனால நாளு தவறாம ரோட்டுல நின்னு பார்ப்பேன். சாயங்காலம் லைட்டு போட்டுருக்காரு, காலைல அணைச்சிருக்காரு, ஃபேன் ஓடியிருக்கு. சரி, சித்தப்பா நல்லாருக்காருன்னு வண்டிய எடுத்துருவேன்."

அப்படியே மாதங்கள் ஓடின. வீட்டில் யாராவது சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், நல்லா இருக்கார், இப்பத்தான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பூவிழி சொல்லுவார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. சம்பா நட்டு, பயிர் வேர் பிடிக்கும் சமயம். வயல்களில் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு சாயங்காலம் மழைக்கோட்டோடு ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, பூவிழி கைப்பேசியைத் திறந்தார். பேனல் ஒன்றும் தரவில்லை. பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. விளக்கும் விசிறியும் முந்தின ராத்திரியிலிருந்து நிற்காமல் ஓடியிருந்தன. கொசுவுக்காக மழையிலும் விசிறி போடுகிறவர் சித்தப்பா. விடிந்ததும் அணைக்க மறந்துவிட்டார் என்று பூவிழிக்கு எரிச்சல். இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் ஓடினால் பேட்டரி கெட்டுப்போகும். ரோட்டிலிருந்தே குரல் கொடுக்கலாம் என்றால் மழைச் சத்தத்தில் காதில் விழுமோ என்னவோ. இறங்கிப் போகலாம் என்றால் சேறு. திரையைத் தொட்டார். கொட்டகையின் சன்னலில் தெரிந்த வெளிச்சம் அணைந்தது. பேட்டரியைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு, காலையில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துவிட்டார்.

கண்ணுசாமி உள்ளே கட்டிலுக்குக் கீழே கிடந்தார். முந்தின ராத்திரி எழுந்தவருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு, விழுந்தவர் அப்படியே கிடந்திருக்கிறார். சுவிட்சுக்குக் கை எட்டவில்லை. மழையில் அன்று பகல் முழுக்க வயல் பக்கம் யாரும் வரவில்லை.

பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் மலர்க்கொடி. பூவிழி அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவார். அன்று இருட்டுகிற நேரத்தில் தண்ணீரை வடித்துவிட மண்வெட்டியோடு வந்தவர் அவர் ஒருவர்தான். கொட்டகை இருட்டாக இருந்தது. கண்ணுசாமி அண்ணன் மழைக்காக ஊருக்குள் போய்விட்டார் போல என்று நினைத்து, மடையை வெட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் காலையில் மழை விட்ட பிறகு வந்தபோதுதான் உள்ளேயிருந்து முனகல் கேட்டிருக்கிறது. கண்ணுசாமியைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மலர்க்கொடி புலம்பிக்கொண்டே இருந்தார். "லைட்டு எரிஞ்சா நான் எப்பவும் அண்ணேன்னு ஒரு கொரல் குடுத்துட்டுத்தான் போவேன். அன்னிக்குன்னு பார்த்து அணைஞ்சு கெடந்துச்சே."

பூவிழியின் அப்பா அவரைத் தேற்றினார். மழையில் பேட்டரி இறங்கியிருக்கும், அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றார். அப்படித்தானேம்மா என்று மகளைப் பார்த்தார். பூவிழி தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலோடு அவர் மாதக்கணக்கில் இருந்திருக்கிறார். சித்தப்பாவை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டியது, கையைக் காலைப் பிடித்து நீவிவிட்டது, வாரம் தவறாமல் முகம் மழித்துவிட்டது எல்லாம் பூவிழி. பெற்ற பெண்கூட இப்படிப் பார்க்காது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்விடுவாராம். கன்ட்ரோலரைப் படிக்கும் செயலி இன்னும் கைப்பேசியில் இருந்தது. வேலைக்காக அதைத் தினமும் திறக்க வேண்டியிருந்தது என்றார். "அது பொய் சொல்லலக்கா. ராத்திரிலேருந்து அணைக்கலன்னு சரியாத்தான் சொல்லுச்சு. அணைக்கலையா, இல்ல அணைக்க முடியலையான்னு நான்தான் கேக்கல."

கண்ணுசாமிக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒற்றைச் சொல்லாக வந்து, பிறகு இரண்டு மூன்றாகச் சேர்ந்தது. பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம், பூவிழி அவர் கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தார். சித்தப்பா நுரை படாமல் உதட்டைச் சுழித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அன்னிக்கி... ஒன் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. லைட்டு நின்னுச்சு. நீ உள்ள வர்றேன்னு... நெனச்சேன்."

பூவிழியின் கையில் ரேசர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, அணைத்தது தான்தான் என்று சொன்னார். பேட்டரி கெட்டுவிடக் கூடாது என்று ரோட்டிலிருந்தே அணைத்துவிட்டுப் போய்விட்டேன், உள்ளே வரவே நினைக்கவில்லை என்று மறைக்காமல் சொன்னார். திட்டுவார் என்று பூவிழி காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்ததாம்.

"பேட்டரி... நல்லாருக்கா?" என்று கேட்டார் சித்தப்பா.

நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் பூவிழி எழுந்து கொல்லைப்பக்கம் போனார். மீதிச் சவரத்தை அவருடைய அப்பாதான் முடித்தார்.

அன்று சாயங்காலமே அப்பாவிடமும் மலர்க்கொடியிடமும் சொல்லிவிட்டார். அப்பா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மலர்க்கொடி, இருட்டாக இருந்தால் என்ன, நானும்தான் ஒரு எட்டு வைத்துப் பார்த்திருக்கலாம் என்று அழுதார். குற்றத்தை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ள வந்தது போல இருந்தது, ஆனால் என் பங்கு குறையவில்லை என்றார் பூவிழி. கண்ணுசாமியின் அரை ஏக்கரையும் இப்போது மலர்க்கொடிதான் பயிர் செய்கிறார். சித்தப்பா கம்பை ஊன்றி வாசல்வரை நடப்பார். வயல்வரை இனி முடியாது.

கமருன்னிஸாவின் மகன் ஜாஹித் துபாயில் வேலை பார்க்கிறார். வீட்டு சோலாரைத் துபாயிலிருந்தே பார்க்கும்படி மாற்ற முடியுமா என்று அவர் போனில் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். இப்போது அப்படியும் வருகிறது, இண்டர்நெட்டில் இணைத்துவிட்டால் உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம். முடியும் என்றார் பூவிழி. விலையைச் சொன்னார், எப்போது வந்து மாட்டலாம் என்றும் சொன்னார். போனை வைக்கும் முன் கொஞ்சம் தயங்கி, "அத்தாவுக்கு இருமல் அதிகமாருக்கு தம்பி. அது இதுல தெரியாது. போன் போட்டுக் கேளுங்க" என்றார். அந்தப் பக்கத்தில் ஜாஹித் சிரிப்பது கேட்டது.

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்க என்றார். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

சித்தப்பாவைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதால், போன வாரம் ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிப் போனார். கண்ணுசாமி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மழித்த முகம், வெள்ளைத் துண்டு. என்னைப் பார்த்து இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். நானும் பூவிழியும் வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய பேச்சு புதிதாக வந்திருக்கும் லித்தியம் பேட்டரிகளைப் பற்றிப் போய்க்கொண்டிருந்தது. பழையவற்றைப் போல அடிக்கடி கவனிக்க வேண்டியதில்லை, தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம் என்று உற்சாகமாக விவரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கரண்டு போனது. தெரு முழுக்க இருட்டு. வீட்டு இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ள ஓரிரு நொடிகள்தான் ஆகியிருக்கும். கூடத்து விளக்கு திரும்பி எரிந்தபோது என் பக்கத்தில் படி காலியாக இருந்தது. பூவிழி உள்ளே நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் சித்தப்பாவின் தோள்களை அழுத்திப் பிடித்திருந்தன.