அகாபியாவும் குளிர்ந்து வந்த மிஷினும்

அகாபியா கை வைத்த மிஷின் குளிர்காலத்தைத் தாண்டிவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். பள்ளி விடுதியில் சலவைக்காரியாகவே காலத்தை ஓட்டியவள். லேனா ஆற்றில் பனிக்கட்டி கட்டத் தொடங்கியதுமே வீடு வீடாக அவளுக்கு அழைப்பு வரும். வாஷிங் மிஷினைச் சாய்த்து, உள்ளே உறைந்து வெடித்துவிடாமல் அடியில் தங்கிய கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் வடிப்பாள். குழாயை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதுவாள். வராந்தாவில் நிற்கும் ஃப்ரீசரை அணைத்து, உள்ளே உலரத் துடைத்து, கதவு ஒட்டிக்கொள்ளாமல் ஒரு கட்டையைச் செருகுவாள். அப்புறம் மே மாதம் வரை வராந்தாதான் ஃப்ரீசர். மீனும் குதிரைக்கறியும் அங்கே விறகு மாதிரி அடுக்கிக் கிடக்கும்.

"வருஷம் பூரா உழைச்சிருக்கு, பாவம். அதுக்கும் லீவு வேணாமா?" என்பாள்.

அவள் புருஷன் ஹர்லாம், ஊர் வீடுகளுக்கெல்லாம் சூடு அனுப்பும் கொதிகலன் கூடத்தில் நிலக்கரி அள்ளிப் போட்டவன். ஊரே கதகதப்பாகத் தூங்கியது அவன் புண்ணியத்தில். அந்தக் கரித்தூள் எல்லாம் அவன் நெஞ்சில் இறங்கியிருந்தது. போன குளிர்காலத்தில் பத்தடி நடந்தாலே மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆக்சிஜன் சிலிண்டர் முள் தினமும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் மிஷின் ஒன்றுக்கு யாகூத்ஸ்க் நகரத்தில் சொல்லி வைத்திருந்தார்கள்.

மிஷின் வந்த அன்றைக்குக் குளிர் ஐம்பது. பூஜ்யத்துக்குக் கீழே என்று எங்கள் ஊரில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை, வேறெங்கே இருக்கப்போகிறது? காலையில் வேன் வந்து நின்றது. ஓட்டிவந்த எர்ச்சிம், பின்பக்கக் கதவைத் திறந்து பெட்டியை இறக்கினான்.

"பின்னாடியா வச்ச?" அகாபியா பெட்டி மேல் கை வைத்துப் பார்த்தாள்.

"முன்னாடி கைக்குழந்தைக்காரி ஒருத்தி உக்காந்திருந்தா அக்கா. கொழந்தையப் பின்னாடி போடச் சொல்றியா?"

சூடேற்றாத பின்பக்கத்தில் ராத்திரி பூரா உறைந்து வந்த மிஷின். அதை அப்படியே சூடான வீட்டுக்குள் கொண்டுபோனால், காற்றில் இருக்கும் ஈரமெல்லாம் அதன் மேலும் உள்ளேயும் பனியாகப் படிந்து, பிறகு உருகித் தண்ணீராகும். அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டால் உள்ளே கருகிப்போகும். அடுத்த மிஷின் வர ஒரு மாதமாவது ஆகும். சிலிண்டரோ சாயங்காலம் வரை தாங்குமா என்பதே சந்தேகம்.

"உள்ள கொண்டு வராத, அங்கயே நில்லு!" என்று கத்திவிட்டு ஓடினாள். கோடையில் வெள்ளரிப் பந்தலுக்குப் போட்ட பாலித்தீனை எடுத்து வந்து, குளிரிலேயே மிஷினைச் சுற்றி, வாயை இறுக்கிக் கட்டினாள். அதற்குள் அவள் விரல் நுனி வெளுத்துவிட்டது. உள்ளறைக்குத் தூக்கிவந்து வைத்தார்கள். வைத்ததுதான் தாமதம், பாலித்தீன் மேல் வெள்ளையாகப் பனி ரோமம் முளைத்தது! கண் முன்னாலேயே விரற்கடைக்கு வளர்ந்தது. எத்தனையோ குளிர்காலம் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணுக்கே தெரியாமல் இந்த வீட்டுக்குள் இவ்வளவு தண்ணீரா? எங்கிருந்து வந்தது?

வேறெங்கிருந்து? மூச்சிலிருந்துதான். ஹர்லாம் ஒரு வாய் மூச்சுக்குத் தவிக்கிறான். மற்றவர்கள் தாராளமாக விடும் மூச்சோ அவனுக்கு வந்த மிஷினைக் கொல்லப் பார்க்கிறது. 

பழைய பாலித்தீன், எங்கே ஓட்டை என்று யார் கண்டது? கொதித்துக்கொண்டிருந்த சூப்பைச் சட்டியோடு வராந்தாவில் வைத்தாள். கெட்டிலை இறக்கினாள். நலம் விசாரிக்க வந்து கூடிய அக்கம்பக்கத்தாரை வாசலைப் பார்க்கச் சொன்னாள்.

"ஒரு டீ கூடக் கிடையாதா அகாபியா?"

"டீயும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உங்க மூச்ச உங்க வீட்டுல போய் விடுங்க!"

டீ கொடுக்காமல் ஆளை அனுப்புவது எங்கள் பக்கத்தில் சாதாரண காரியமா? எர்ச்சிமே வாயைப் பிளந்தான். ஆனாலும் எல்லோரும் எழுந்து போனார்கள்.

வெளிச்சம் மங்கும் நேரம் சிலிண்டர் காலியாகிவிட்டது. ஹர்லாமை நிமிர்த்தி உட்காரவைத்து, தன் முதுகை அவனுக்குச் சாய்மானமாகக் கொடுத்து அவளும் உட்கார்ந்தாள். அவன் நெஞ்சு இழுக்கிற இழுப்பெல்லாம் அவள் முதுகெலும்பில் தெரிந்தது.

"போடுடி... கிழவி."

"இன்னும் ஆகல."

"நான் போயிட்டா... மிஷின் மிச்சம்னு... பாக்குறியா?"

"ஆமா, அதக் கட்டிக்கிட்டு வாழப்போறேன். பேசாம இரு கிழவா."

அவனைத் தலையணையில் சாய்த்துவிட்டு எழுந்துபோய்ப் பாலித்தீனைப் பிரித்தாள். மேல்பக்கம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதை நம்பக் கூடாது, உள்ளே இருக்கும் இரும்புதான் கடைசியில் சூடாகும். தன் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து, அடியில், உள் இரும்பு வரை இறங்கியிருந்த திருகாணி மேல் உதட்டை வைத்தாள். ஜில்லென்றது. திரும்பிப் பார்த்தாள். ஹர்லாமின் உதடு நீலமாகியிருந்தது. கை சுவிட்சுக்குப் போனது. போன கையைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டாள்! அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் எப்படித் தாங்கினாள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கல் நெஞ்சக்காரி என்று பிறகு சிலர் பேசினார்கள். பேசியவர்கள் வாயில் என்னத்தைப் போடுவது.

மறுபடி உதட்டை வைத்தாள். ஜில்லிப்பு இல்லை. இன்னொரு திருகாணியிலும் இல்லை. சுவிட்சைப் போட்டாள்.

மிஷின் ஒருமுறை முனகியது, அப்புறம் சீராக ஓட ஆரம்பித்தது. குழாயை அவன் மூக்கில் செருகினாள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு தோள்பட்டை தளர்ந்தது. வெகுநேரம் கழித்து உதட்டில் சிவப்பு திரும்பியது. அவள் மெல்ல எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, மேல்கோட்டுகூட இல்லாமல் வராந்தாவுக்குப் போய் நின்றாள்.

"ஏய் கிழவி! இந்தக் குளிர்ல அங்க என்னடி பண்ற? உள்ள வா!" இத்தனை வார்த்தையை அவன் ஒரே மூச்சில் பேசி எவ்வளவு நாளாயிற்று!

இமையில் உறைந்த கண்ணீரை விரலால் உடைத்துக்கொண்டே அகாபியா குரல் கொடுத்தாள்.

"இருய்யா, வரேன். ஈரம் காயட்டும்."