நட்சத்திரத்தை விழாம பாத்துக்கிட்ட சித்தி

மேடை நடுவுல தனியா நின்னு வாசிச்சு பேர் வாங்கின நட்சத்திரங்களுக்கு நாலு பேரோட உட்கார்ந்து வாசிக்கத் தெரியாது. கோவத்துலதான் எழுதறேன், ஒத்துக்கறேன். எங்க சித்திக்கு நடந்தத படிச்சா உங்களுக்கும் கோவம் வரும்.

சித்தி ஒரு பல் டாக்டர்கிட்ட உதவியாளரா இருக்காங்க. டாக்டர் கண்ண நோயாளி வாயில வச்சுக்கிட்டு கைய மட்டும் பக்கவாட்டுல நீட்டுவாரு. என்ன வேணும்னு சொல்ல மாட்டாரு. சின்ன கண்ணாடியோ, பஞ்சோ, அடைக்கறதுக்கு குழைச்ச சிமெண்ட்டோ, எது வேணுமோ அது அவர் கையில வந்து உட்கார்ந்துடும். சாயங்காலம் கிளினிக்க பூட்டிட்டு ரெண்டு பேரும் மாடிக்குப் போவாங்க. அங்க டாக்டரோட பியானோ, முட்டிக்கு நடுவுல நிறுத்தி வாசிக்கற பெரிய வயலின் மாதிரி சித்தியோட செல்லோ, அலமாரி முழுக்க யார் யாரோட பல்லோ, எல்லாம் சுண்ணாம்பு அச்சுல. சித்தப்பா அந்த அறைக்கு வச்ச பேரு "இளிக்கிற மாடி".

மூணாவதா ஒரு டீச்சர் வயலின் வாசிச்சாங்க. பியானோ, வயலின், செல்லோ, மூணு பேர் சேர்ந்தா ட்ரையோ. முன்னாடி நின்னு குச்சி ஆட்ட கண்டக்டர் கிடையாது. ஒருத்தர் காதுதான் இன்னொருத்தருக்கு கண்டக்டர். சேம்பர் மியூசிக்னு சொல்றது இதத்தான். இவங்ககிட்ட ஒரு பழக்கம் இருந்துச்சு. ஒரு இடத்துல யாருக்கு மெட்டு வருதோ அவங்க முதல் தடவ வாசிக்கக் கூடாது. மத்த ரெண்டு பேரும் அடியில என்ன பண்றாங்கன்னு சும்மா உட்கார்ந்து கேக்கணும். அப்புறம்தான் வில்லத் தொடணும். எவ்வளவு அழகான பழக்கம் பாருங்க.

டீச்சருக்கு வேற ஊருக்கு மாற்றல் ஆச்சு. வயலின் நாற்காலி காலி.

ஆர்க்கெஸ்ட்ரால கடைசி வரிசையில ரெண்டாவது வயலின் வாசிக்கற ஒருத்தர் ஒரு சாயங்காலம் வந்து வாசிச்சுப் பாத்தாரு. எல்லாரும் ஒல்லின்னுதான் கூப்பிடுவாங்க. வயலின் பெட்டிக்கும் அவருக்கும் அகலத்துல பெரிய வித்தியாசம் கிடையாது. அவங்க வாசிக்கற உருப்படியில, மெதுவா போற ரெண்டாவது பகுதியில செல்லோவுக்கு ஒரு மெட்டு வரும். சித்தி பகுதி முழுக்க அடியில தாங்கிட்டு அந்த ஒரு இடத்துலதான் மேல வருவாங்க. ஒல்லி அதுக்கு அடியில அவ்வளவு சின்னதா, ஆனா இருக்காருன்னு தெரியற மாதிரி வாசிச்சாராம்.

சித்தி வீட்டுக்கு வந்து செருப்பக் கூட கழட்டல. "எனக்கு ஆள் கிடைச்சாச்சு."

சித்தப்பா டிவியில இருந்து கண்ண எடுக்காம, "கொஞ்சம் சத்தமா சொல்லு, பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்."

ஆனா இந்த ட்ரையோவ நடத்தற மியூசிக் சொசைட்டி செக்ரட்டரிக்கு வேற கணக்கு. ஹால் எப்பவும் பாதி காலி. வெளியூர்ல பேர் வாங்கின வயலின் நட்சத்திரம் ஒருத்தர் சொந்த ஊருக்கே திரும்பி வந்திருக்காரு, சேம்பர் மியூசிக் பண்ணணும்னு அவருக்கு ரொம்ப ஆசையாம். ஒரு கச்சேரி அவரோட பண்ணிப் பாப்போம், நாற்காலி யாருக்குன்னு கமிட்டி அப்புறம் முடிவு பண்ணும்னாரு.

சித்தி டாக்டர்கிட்ட சொன்னாங்க: "ஒல்லி வந்தா இது நம்ம ட்ரையோ. இவரு வந்தா இவர் கச்சேரியில நாம ரெண்டு பேரும் மேடை சாமான்."

டாக்டர் சிரிச்சுட்டு, "ஒரு தடவதானே, பாப்போம்" அப்படின்னாரு.

நட்சத்திரத்துக்கு ஒரே ஒரு ரிஹர்சலுக்குத்தான் நேரம். வந்தவுடனே நாற்காலியத் திருப்பிப் போட்டாரு. சித்திக்கு அவர் முதுகு, டாக்டருக்கு அவர் காது. எதிர்ல ஜனம் இருக்கற மாதிரி அலமாரியில இருந்த பல்லுங்களப் பாத்து உட்கார்ந்தாரு. டாக்டர் அவங்களோட அந்தப் பழக்கத்த எடுத்துச் சொன்னாரு, இங்க மெட்டு உங்களுது, முதல் தடவ நீங்க வாசிக்காம இருங்கன்னு.

"நான் வாசிக்காம இருந்தா நாம என்னத்த கேக்கறது?"

கிண்டலா இருந்திருந்தா கூட மன்னிச்சிருப்பேன். நிஜமாவே புரியாமத்தான் கேட்டிருக்காரு.

செல்லோவோட மெட்டு வந்துச்சு. அந்த இடத்துல வயலினுக்கு டிக் டிக்னு சின்னச் சின்னதா அடியில போற வேலைதான். அவரு அதையும் பட்டாசு மாதிரி வெடிச்சாரு.

"சார், இந்த இடத்துல கொஞ்சம் சின்னதா வாசிக்கலாமா?"

"இது சின்னதுதான்மா. கடைசி வரிசைக்குப் போக வேண்டாமா?"

"கடைசி வரிசைக்கு மெட்டு போனா போதும் சார்."

"பாத்துக்கலாம்" னு சொல்லிட்டு மொபைல எடுத்துட்டாரு. ரிஹர்சல் முடிஞ்சுது.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். அந்த ஆளு தனியா ஒரு ஸ்வரத்த இழுத்தா உடம்பு சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்துச்சு. அதுதான் இன்னும் எரியுது.

கச்சேரி அன்னைக்கு ஹால்ல நிக்க இடமில்ல. நான் மடியில அவங்க வாசிக்கறதோட ஸ்வரம் எழுதின நோட்ஸ் வச்சுக்கிட்டு வரிக்கு வரி பாத்துக்கிட்டே கேட்டேன். முதல் பகுதியோட ஆரம்பத்த ரெண்டு தடவ வாசிக்கணும், முடிஞ்சதும் திரும்ப முதல்லேர்ந்து. அப்படித்தான் பேசி வச்சிருந்தாங்க. அந்த இடம் வந்துச்சு. சித்தி வில்லு பழைய ஆரம்பத்துக்குத் திரும்பிடுச்சு, நட்சத்திரம் திரும்பல. மறந்துட்டு நேரா அடுத்த கட்டத்துக்குள்ள போய்ட்டாரு. மூணு பேரும் மூணு ஊர்ல நிக்க வேண்டியது. சித்தி தொட்டுட்ட அந்த ஒரே ஸ்வரத்த அப்படியே வளைச்சு புது கட்டத்துக்குள்ள சறுக்கிட்டுப் போனாங்க. டாக்டரோட இடது கை அவங்க பின்னாடியே தாவுச்சு. ஒருத்தரும் இருமக் கூட இல்ல. எனக்கு மட்டும் கண்ணுல தண்ணி.

அடுத்த நாள் பேப்பர்ல என்ன வந்துச்சு தெரியுமா? "கூட வாசிக்கறவங்கள இவ்வளவு கூர்ந்து கேக்கற நட்சத்திரத்தப் பாக்கறது அபூர்வம்." கமிட்டி ஒருமனதா நாற்காலிய அவருக்குக் குடுத்துருச்சு.

சித்தி நேரா செக்ரட்டரிகிட்ட போனாங்க. "அவரு திரும்ப வேண்டிய இடத்துல திரும்பாம போய்ட்டாரு சார்."

"எங்கம்மா? யாருக்குமே தெரியலையே."

"தெரியாம நாங்க பாத்துக்கிட்டோம்."

"நல்லதுதானே? அதானே கூட்டு வாசிப்பு?"

நட்சத்திரத்துகிட்ட கேட்டதுக்கு, அது அந்த நிமிஷத்துல மனசுல தோணினது, இவங்களும் உடனே புரிஞ்சுக்கிட்டாங்கன்னு சொன்னாராம். மறந்து போனது கூட கற்பனையா மாறிடுச்சு பாருங்க.

வீட்டுல சித்தப்பா வேற. "முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சது நீ. இப்ப பூசணிக்காயே இல்லைங்கறாங்கன்னு அழுதா எப்படி?"

 அடுத்த கச்சேரிக்கு முன்னாடி சித்தி டாக்டர்கிட்ட சொல்லிட்டாங்க. "இந்த தடவ அவரு தடம் மாறினா நான் கூட போக மாட்டேன். என் இடத்துலயே நிப்பேன்."

"நடுவுல நான் மாட்டிப்பேனேம்மா."

"மாட்டிக்கோங்க."

நானும் போனேன். சாமி சத்தியமா அந்த ஆளு விழணும்னு வேண்டிக்கிட்டுத்தான் போனேன். கடைசிப் பகுதியில, எல்லாரும் நிறுத்திட்டு சேர்ந்து உள்ள வரணும், அங்க அவரு ஒரு தாளம் முன்னாடியே பாஞ்சாரு. சித்தி மூஞ்சியப் பாத்தேன். அவங்களுக்குத் தெரிஞ்சுது. உதட்ட இறுக்கினாங்க. வில்ல தூக்கிப் பிடிச்சாங்க, நிக்கப் போறாங்கன்னு நெனச்சேன்.

கை போயிடுச்சு. இவங்கள கேக்காமலே அந்தக் கை அவர் பின்னாடி ஓடிருச்சு. டாக்டரும் கூடவே. கைதட்டல் காத கிழிச்சுது. யாரோ அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருந்தாங்க சித்தி.

மேடைக்குப் பின்னாடி அறைக்கு நான் போனப்ப நட்சத்திரம் துண்டால கழுத்தத் துடைச்சுக்கிட்டு, "இன்னைக்கு மூணு பேரும் ஒரே உடம்பு மாதிரி இருந்தோம், இல்ல?"

"சார், அடுத்த கச்சேரிக்கு நான் வரல" ன்னாங்க சித்தி.

"ஏன்மா? உடம்பு சரியில்லையா?"

"கடைசிப் பகுதியில நீங்க ஒரு தாளம் முன்னாடியே வந்தீங்க."

யோசிச்சுப் பாத்தாரு. "இல்லையே."

"அதான் சார். உங்கள விழ விடணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் உட்கார்ந்தேன். என்னால முடியல. நான் பக்கத்துல இருக்கற வரைக்கும் நீங்க விழ மாட்டீங்க. விழாத வரைக்கும் உங்களுக்கு கேக்கவே கேக்காது. நான் போறேன்."

அவரு டாக்டரப் பாத்தாரு. டாக்டர் ஷூ கயித்த கட்டிக்கிட்டு இருந்தாரு. ஏற்கனவே கட்டியிருந்த கயிறு.

மறுநாள் காலையில வேலைக்குப் போகணுமே. நாற்காலியில ஒரு பெரியவர் வாயத் திறந்தபடி சாஞ்சிருக்காரு. டாக்டர் வழக்கம் போல கைய நீட்டினாரு. கை காலியா நின்னுச்சு.

"கேளுங்க டாக்டர், தரேன். கேக்காம இனிமே தர மாட்டேன்."

"...கண்ணாடி."

குடுத்தாங்க. டாக்டர் பல்ல தட்டிக்கிட்டே, "நான் அவரோட தொடர்ந்து வாசிக்கலாம்னு இருக்கேன்."

"தெரியும். ஷூவப் பாத்தப்பவே தெரிஞ்சுது."

"ஹால் நிரம்பி வழியுதும்மா. இந்த வயசுல இன்னும் எத்தன தடவ எனக்கு அப்படி ஒரு கூட்டம் வரப் போகுது? மனுசனுக்கு ஆச இருக்காதா?"

"இருக்கும். வாசிங்க. உறிஞ்சற குழாய் வேணுமா, வேண்டாமா?"

பெரியவர் கண்ணு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையுது. "ஆ... ஆ..." ன்னு ஏதோ சொல்ல வந்தாரு.

"நீங்க பேசாதீங்க" ன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னாங்களாம். அதுல மட்டும் ஒரு தாளம் கூட பிசகல.

சித்தி இடத்துக்கு வேற ஊர்லேர்ந்து இன்னொரு நட்சத்திரம் வந்துச்சு, செல்லோ நட்சத்திரம். ரெண்டும் போட்டி பஸ் மாதிரி ஓடுச்சு. டாக்டர் நடு ரோட்டுல மாட்டின ஆள் மாதிரி பியானோவுல கைய எடுக்கறதும் வைக்கறதுமா இருந்தாரு. கவிழ்ந்துச்சான்னு கேட்டா, இல்ல. ஜனம் எழுந்து நின்னு தட்டுச்சு, பேப்பர்காரன் "மின்னல்" னு எழுதினான். நியாயம் கிடைக்கும்னு நெனச்சு படிக்கறவங்க இங்கயே நிறுத்திக்கலாம்.

ஒரு ஞாயித்துக்கிழமை ஒல்லி சித்தி வீட்டுக்கு வந்தாரு. பியானோ இல்ல, வயலினும் செல்லோவும் மட்டும். ஹால்ல சோபாவ நகர்த்திட்டு எதிரெதிரா உட்கார்ந்தாங்க. சித்தப்பா டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு.

இந்த மாதிரி வாசிப்புல ஆரம்பிக்கறதுக்கு ஒருத்தர் லேசா தலையாட்டி மூச்ச இழுக்கணும், அதுதான் சைகை. ரெண்டு பேரும் வில்ல தூக்கிட்டாங்க. ஒல்லி சித்தியப் பாக்கறாரு. சித்தி ஒல்லியப் பாக்கறாங்க. யாரும் மூச்சே விடல.

"என்ன, ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்கறீங்களா?" ன்னாரு சித்தப்பா.

"நீங்க ஆரம்பிப்பீங்கன்னு நெனச்சேன்க்கா."

"நீங்கதானே வயலின்."

"நான் எப்பவும் ரெண்டாவது வயலின்தானே. எனக்கு முன்னாடி ஆள் இருக்கும்."

எப்படியோ ஆரம்பிச்சாங்க. வாசிக்க வாசிக்க அவருக்கு இவங்க வழி விட, இவங்களுக்கு அவரு வழி விட, சத்தம் தேஞ்சு தேஞ்சு கடைசியில ஃபேன் சத்தம்தான் பாக்கி.

"இதுக்கு அந்த நட்சத்திர மாப்பிள்ளையே தேவலாம்" ன்னாரு சித்தப்பா. "அவன் வாசிக்கறானாவது தெரிஞ்சுது."

சித்திக்கு வந்துச்சே கோவம். "உங்களுக்கு என்ன தெரியும்? வாய மூடிட்டு டீயக் குடிங்க."

ஒல்லி தயங்கித் தயங்கி, "அவரு சொல்றதுலயும் கொஞ்சம் இருக்குக்கா. நீங்க என்னைத் தாங்கிட்டே இருக்கீங்க. நான் எங்கயும் போகலையே, எத தாங்கறீங்க?"

சித்தி வில்ல மடியில வச்சுட்டாங்க. நட்சத்திரம் பண்ணதவிட இது உள்ள போயிருக்கும்னு தோணுது. வாழ்க்க முழுக்க அடுத்தவர் போற திசையப் பாத்தே ஓடின கை. இப்ப எதிர்ல போறதுக்கு ஆளே இல்ல. ரொம்ப நேரம் வில்லோட திருகாணியத் திருகிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் நிமிந்தாங்க.

"நான் முன்னாடி போறேன். நீங்க வாங்க. ஆனா நான் தப்பா போனா வரக் கூடாது. உங்க இடத்துலயே நில்லுங்க."

"விழுந்துடுவீங்களேக்கா."

"விழறேன். எனக்குக் கேக்கணும்."

மூச்ச இழுத்தாங்க. சித்தப்பா டம்ளரக் கீழ வச்சுட்டாரு, அவ்வளவு சத்தமான மூச்சு. மெட்டு பெருசா, கொஞ்சம் முரட்டுத்தனமா, அவங்க கையிலேர்ந்து வரும்னு நான் நெனச்சே பாக்காத மாதிரி வந்துச்சு. நாலாவது வரியில அவசரப்பட்டு முன்னாடியே தாவிட்டாங்க. ஒல்லி வரல. இருந்த இடத்துலயே ஒழுங்கா எண்ணிட்டு வாசிச்சாரு. செல்லோ தனியா எங்கயோ போய் முட்டி நின்னுச்சு.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு," ன்னாங்க சித்தி. மூஞ்சியெல்லாம் சிவந்திருந்துச்சு. "முதல்லேர்ந்து."