பூஜ்ஜிய விநாடி அழைப்புகள்

முத்துப்பேட்டையில் வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவில் இருந்த காலம் அது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவர் துபாயில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அம்மாவின் செல்போனுக்கு இரண்டு மணி அடிக்க விட்டு வைத்துவிடுவார். நலமாக இருக்கிறேன், சாப்பிட்டேன், கவலைப்படாதே, எல்லாம் அதற்குள் அடக்கம். தவறிப்போய் எடுத்துவிட்டால், காசு வீணாயிற்று என்று அம்மாவுக்குத் திட்டு விழும்.

நான் சென்னையில் ஒரு செல்போன் நிறுவனத்தில் புள்ளியியல் வேலை பார்த்தேன். கோடிக்கணக்கான அழைப்புப் பதிவுகளை வைத்து, வாடிக்கையாளர்களில் எத்தனை வகை, யார் எந்த வகை என்று பிரிக்க வேண்டும். கலந்து கொட்டிய நெல்லை ரகம் பிரிப்பது போலத்தான். பேயீசிய முறையில் முதலில் ஓர் ஊகம் வைத்து, பதிவுகளைப் பார்க்கப் பார்க்க அதைத் திருத்திக்கொண்டே போவோம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எல்லாப் பதிவையும் படித்தால் கணினி நாள்கணக்கில் முக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் கைப்பிடி அளவே அள்ளிப் பார்ப்போம். இன்னும் வேகம் வேண்டுமென்று, யாரும் எடுக்காத பூஜ்ஜிய விநாடி அழைப்புகளையெல்லாம் குப்பை என்று முதலிலேயே நீக்கச் சொல்லியிருந்தார் எங்கள் மேலாளர்.

முடிவு வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து எண்கள் ஏகப்பட்டவை, யாரும் பயன்படுத்தாத ‘செத்த எண்’ வகையில் விழுந்திருந்தன. அடுத்த வாரம் அவற்றைத் துண்டிக்கப்போகிறார்கள். தேடிப் பார்த்தேன். அம்மாவின் எண்ணும் அதில் இருந்தது. எனக்கு வந்ததே கோபம்! குப்பையாமே, குப்பை!

அந்த அழைப்புகள் குப்பையில்லை, எங்கள் ஊர்க்காரர்கள் பேசுகிற விதமே அதுதான் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அதையும் சேர்த்தால் கணக்கு எப்போது முடியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரே மாதிரியான பதிவுகளை ஒன்றாகக் கட்டி, கட்டுக்கு எத்தனை என்று மட்டும் குறித்து ஓட்டினேன். கோடிகள் சுருங்கின; அள்ளிப் பார்க்காமல் எல்லாவற்றையுமே படிக்க முடிந்தது. கைப்பிடிக்கு அகப்படாமல் விட்டுப்போகிறவர் என்று இனி யாருமில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை மதியம் கணக்கு முடிந்தது. செத்தவர்கள் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். ஒரு கூட்டத்தில் உண்மையிலேயே சத்தமில்லை. மற்றதற்கு வாராவாரம் வெளிநாட்டிலிருந்து மணி மட்டும் வந்துகொண்டிருந்தது.

மேலாளர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இவ்வளவு பேர் இருக்காங்களா? சரி, இவங்க மேல கை வைக்க வேணாம்” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வராந்தாவுக்கு ஓடி அம்மாவுக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் பாதியிலேயே மறித்தார்.

“சரிம்மா, அப்பறம் பேசு. லைன் பிஸின்னு வந்தா உங்கத்தா பயந்துருவாங்க.”

வைத்துவிட்டார்.