வேர்ட்பேடை எடுத்துவிட்டார்கள்

தொண்டையில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்த பிறகு, தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் என் வீட்டுக்காரருக்கு வாயாக இருந்தது மகளின் பழைய லேப்டாப்பும் அதில் தட்டி எழுதுகிற வேர்ட்பேடும்தான். தோல் பைகள் தைக்கிற பட்டறையில் ஆட்களை வேலை வாங்கிய மனுஷன். அவர் போடுகிற சத்தம் வெளியே பெரிய சாலையான தொண்ணூறு அடி ரோடு வரைக்கும் கேட்கும். அந்தத் தடித்த விரலுக்கு ஃபோன் ஒத்துவரவில்லை. லேப்டாப்பில் ஒற்றை விரலால் தட்டுவார். தமிழைத்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். இங்கேயே பிறந்த மகளுக்குத் தமிழ் படிக்க வராது; எனக்கு இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்க வரும்.

எழுத்துக்கு நிறம் மாற்றலாம் என்பதை அவரே கண்டுபிடித்தார். தண்ணீர், மருந்து, கக்கூஸ் எல்லாம் நீலம். கோபம் சிவப்பு. கேலி பச்சை. "ஏட்டி கிறுக்கி" என்று பச்சையில் வந்தால் எனக்கு இந்த வயதிலும் வெட்கமாக இருக்கும். அதுவே சிவப்பில் வந்தால் வாயை மூடிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். ஆபரேஷனில் அவர் முகம் பாதி அசையாமல் போயிருந்தது. நிறத்தை வைத்துத்தான் அவர் மனசு எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில் லேப்டாப் தானாகவே அப்டேட் போட்டு முடித்துத் திறந்தது. வேர்ட்பேடைக் காணோம். மகள் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"கம்பெனிக்காரனே எடுத்துட்டாம்மா. நோட்பேட் இருக்குல்ல, அப்பா அதுல டைப் பண்ணட்டும்."

"ஏட்டி, அதுல கலர் வருமா?"

"நஹீம்மா. வெறும் கறுப்புதான்."

"நாசமாப் போறவனுவ! அது அவனுவகிட்ட சோறா கேட்டுச்சு?" என்று கத்தினேன். யார் காதில் விழப்போகிறது?

பக்கத்தில் சயானில் ஒரு கடைக்கு எடுத்துப்போய் வேறு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள் மகள். திரையின் மேலெல்லாம் பொடிப் பொடிப் படங்கள். நிறம் எங்கே என்று தேடித் தேடி அவர் வேறெதையாவது அழுத்திவிடுவார். மகள் காட்டிக் கொடுப்பாள், அவர் மறந்துவிடுவார். கடைசியில் லேப்டாப்பை மூடித் தள்ளிவிட்டார். நோய் திரும்பி வந்திருந்தது. புதிதாக ஒன்றைப் படிக்கிற தெம்பு அவரிடம் இல்லை. அதன் பிறகு எப்போதாவது நோட்பேடில் ஒரு வார்த்தை தட்டுவார். திட்டுகிறாரா, கேலி செய்கிறாரா, ஒன்றும் புரியாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவர் எனக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார். "போதும்" என்று தட்டினார்.

"எத போதும்னு சொல்லுதிய? கஞ்சியா, என் பேச்சா?"

கண்ணை மூடிக்கொண்டார். நான் கிண்ணத்தைக் கழுவப் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. அந்த வாரமே போய்விட்டார். அப்பா கஞ்சியைத்தான் சொன்னார் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது எந்த நிறத்துப் போதும் என்று எனக்குத் தெரியாது.